கொக்கி போட்ட படங்கள்

ஒரு மனிதரை இத்தனை காலம் விடாமல் வெறுக்க முடியும் என்பது அவரைச் சந்திக்கும்வரை எனக்குத் தெரியாது. விருத்தாசலத்தில் ஜங்ஷனுக்குப் போகும் ரோட்டில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தார். ஊரில் எல்லோரும் அவரை சார் என்றார்கள். நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். இங்கே அவரை சென்டர்காரர் என்று மட்டும் சொல்கிறேன். பெயரைச் சொன்னால் அதுவும் அவருக்கு விளம்பரமாகிவிடும்.

என் அக்கா செராமிக் தொழிற்பேட்டையில் ஒரு சின்ன ஷெட் எடுத்து பொம்மையும் விளக்கும் செய்துகொண்டிருந்தாள். பேட்டையில் எல்லோரும் செய்கிற பிள்ளையார், யானை, அகல்விளக்கு அவளிடமும் உண்டு. ஆனால் கிளிக்கூண்டு விளக்கு அவள் ஒருத்தி மட்டும் செய்தாள். பிளாஸ்டர் அச்சில் களிக்குழம்பை ஊற்றிக் கூட்டை வெளியே எடுப்பாள். அது பாதி ஈரத்தில் இருக்கும்போதே சின்னக் கத்தியால் இலை இலையாக ஓட்டை வெட்டுவாள். கொஞ்சம் காய்ந்துவிட்டால் கூடு விரிசல் விடும், ஈரம் கூடினால் குழைந்து உட்கார்ந்துவிடும். சூளையிலிருந்து வந்த விளக்குக்குள் பல்பைப் போட்டால் சுவர் முழுக்க இலைகள் விழும். பெங்களூரில் பரிசுப்பொருள் கடை வைத்திருந்த ஒரு அம்மா அதைப் பார்த்துவிட்டு, கடைக்கென்று தொடர்ந்து ஆர்டர் கொடுத்துக்கொண்டிருந்தார். அக்காவின் ஷெட் அந்த ஆர்டரில்தான் நின்றது.

டயல்-அப் போய் பிராட்பேண்ட் வந்துகொண்டிருந்த வருடங்கள் அவை. நான் பி.காம் முடித்துவிட்டு லாரி புக்கிங் ஆபீசில் பில் அடித்துக்கொண்டிருந்தேன். அக்காவின் விளக்குக்கு ஒரு வெப்சைட் போட்டால் என்ன என்று யோசனை சொன்னது நான்தான். சென்டர்காரரிடம் அழைத்துப் போனதும் நான்தான். வெப்சைட்டுக்குப் பெயர் பதிவது, பக்கம் போடுவது எல்லாவற்றையும் அவரே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். எங்களுக்கு என்ன தெரியும்? படங்களைக் கொடுத்துவிட்டு வந்தோம். விளக்கு இணையத்தில் வந்தது. அக்கா அதைத் திரையில் பார்த்துவிட்டு, “நம்ம ஷெட்டு எவ்ளோ சுத்தமா தெரியுது பாரு” என்றாள்.

அடுத்த வருடம் தீபாவளிக்கு முன்னால் பெங்களூர் அம்மாவிடமிருந்து போன் வந்தது. அக்கா பேச ஆரம்பிப்பதற்குள் அவர் கத்தத் தொடங்கிவிட்டார். அனுப்பிய விளக்கெல்லாம் கோணல், ஓட்டைகள் பிசிறு பிசிறாக இருக்கின்றன, பாதி உடைந்து வந்திருக்கிறது, இனி உங்கள் சங்காத்தமே வேண்டாம் என்றார். அக்கா விழித்தாள். அந்த மாதம் அவள் பெங்களூருக்கு ஒரு விளக்குகூட அனுப்பவில்லை.

நாங்கள் ஓடிப்போய் ஒரு பிரௌசிங் சென்டரில் எங்கள் வெப்சைட்டைத் திறந்தோம். அக்கா செய்த விளக்குகளின் படங்கள் அப்படியே இருந்தன. கீழே போன் நம்பர் மட்டும் வேறு. ஷெட்டின் பெயரும் வேறு. அது சென்டர்காரருடைய மனைவியின் தம்பி நடத்திய ஷெட். பெங்களூர் அம்மா வழக்கம்போல வெப்சைட்டைப் பார்த்து, பெயரையும் நம்பரையும் நாங்கள்தான் மாற்றியிருக்கிறோம் என்று நினைத்து, அதிலிருந்த நம்பருக்குப் போன் செய்து, அந்த மச்சானிடம் ஆர்டர் கொடுத்திருக்கிறார். அவனோ அக்காவின் விளக்கைப் பார்த்து அச்சு எடுத்து, அவசரத்தில் வெட்டி அனுப்பியிருக்கிறான். பிறகு அவன் போனை எடுக்காததால், பழைய நம்பரில் அக்காவைக் கூப்பிட்டுத் திட்டியிருக்கிறார்.

அக்காவோடு சென்டருக்குப் போய்க் கேட்டேன். அவர் சுழல் நாற்காலியில் சாய்ந்துகொண்டு பதில் சொன்னார். குரலைக்கூட உயர்த்தவில்லை.

“டொமைன் என் பேர்ல இருக்குதும்மா. என் பேர்ல இருக்குற எடத்துல நான் யாரை வேணா குடிவெப்பேன்.”

“படம் எங்க படம் சார்.”

“நெட்டுல போட்ட படம் யாருக்கும் சொந்தம் கெடையாது. களிமண்ணு பெசையத் தெரிஞ்சா மட்டும் போதுமா? இது வேற ஒலகம். வேணும்னா நீங்களே ஒண்ணு போட்டுக்குங்க, யாரு வேணாங்கறா?”

சொல்லிவிட்டுச் சிரித்தார். பக்கத்தில் டைப் பழகிக்கொண்டிருந்த பெண்களும் சிரித்தார்கள், காரணம் தெரியாமலே. நான் படியிறங்கும்போது என் காதெல்லாம் சுட்டது. அக்கா, “வுடு, அவன் கெட்டுப்போவான்” என்றாள். அவர் தானாகக் கெட்டுப்போவதற்காகக் காத்திருக்க எனக்குப் பொறுமையில்லை. என் கையால் கெட வேண்டும் என்று நினைத்தேன். இன்றைக்கும் அதை மாற்றிச் சொல்ல எனக்கு எதுவுமில்லை.

மங்கலம்பேட்டையில் கல்லூரித் தோழி ஒருத்தி இருந்தாள். அவள் கணவர் குவைத்தில் வேலை பார்த்தார். மனைவியோடு முகம் பார்த்துப் பேசுவதற்காகக் கம்ப்யூட்டரும் நெட்டும் வாங்கிப் போட்டிருந்தார். லீவு நாட்களில் பஸ் பிடித்து அவள் வீட்டுக்குப் போய்விடுவேன். எங்களுக்குச் சொல்லித்தர யாருமில்லை. பிடித்த வெப்சைட் ஒன்றைத் திறப்போம். அது எந்தக் குறிகளால் எழுதப்பட்டிருக்கிறது என்று காட்டும் ‘வியூ சோர்ஸ்’ என்ற ஒன்று பிரௌசரில் உண்டு, அதைத் திறந்து வரிவரியாகப் படிப்போம். ஒரு வரியை மாற்றினால் எது மாறுகிறது என்று பார்ப்போம். அப்படியே கற்றோம்.

நாங்கள் செய்த முதல் காரியம், டொமைன் என்கிற முகவரிப் பெயரை அக்காவின் பெயரில் பதிந்தது. அக்காவின் ஈமெயில், அக்காவின் வீட்டு விலாசம், அக்காவுக்கு மட்டும் தெரிந்த பாஸ்வேர்டு. பிறகு எத்தனையோ பேருக்கு வெப்சைட் போடச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். எல்லோரிடமும் முதலில் சொல்வது இதைத்தான்: யார் செய்து கொடுத்தாலும் பெயர் உங்கள் பெயரில் இருக்க வேண்டும். பக்கம் அசிங்கமாக இருந்தால் திருத்திக்கொள்ளலாம். பெயர் போனால் எல்லாம் போச்சு. இதைச் சொல்லும்போது இப்போதும் என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிடுகிறது.

எங்கள் முதல் பக்கம் கண்றாவியாக இருந்தது. எழுத்துகள் திரையில் வலமிருந்து இடமாக ஓடிக்கொண்டே இருந்தன. மூலைக்கு மூலை நட்சத்திரம் மின்னியது. பின்னணி முழுக்கக் கிளிகள். திறந்தவுடன் மணியோசை வேறு கேட்கும். முதல் தடவை அது அடித்தபோது, சமையல்கட்டிலிருந்த தோழியின் மாமியார் வெளியே வந்து, “எங்க புள்ள மணி அடிக்குது? ஐஸ்காரனா?” என்று வாசலை எட்டிப் பார்த்தார்.

குவைத்திலிருந்து அவள் கணவர் போன் செய்து அலுத்துக்கொண்டார். “ஆபீஸ்ல தெறந்தேன். மணி அடிச்சு சூப்பர்வைசர் திரும்பிப் பாத்துட்டான். ஃபோட்டோ வருது வருதுன்னு பாத்து, தொழுதுட்டு வந்தும் பாதி விளக்குதான் வந்திருக்குது. தமிழ்னு என்னமோ போட்டீங்களே, இங்க வெறும் கட்டம் கட்டமா தெரியுது. என்னா எழுதியிருக்கீங்க?”

அன்று எனக்கு அழுகையே வந்தது. நம் வீட்டுக் கம்ப்யூட்டரில் சரியாகத் தெரிகிறது என்பதற்கு ஒரு மதிப்பும் இல்லை. தூரத்தில் இருக்கிற, நம்மைத் தெரியாத ஒருவருடைய கம்ப்யூட்டரில் எப்படித் தெரிகிறது என்பதுதான் கணக்கு. மணியை எடுத்தோம். நட்சத்திரங்களை எடுத்தோம். கேமராவிலிருந்து அப்படியே ஏற்றிய படங்களைச் சுருக்கினோம். எங்களிடம் இருந்த தமிழ் எழுத்துரு அவரிடம் இல்லாததால்தான் கட்டங்கள் வந்தன என்று கண்டுபிடித்து, எல்லாவற்றையும் எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான யூனிகோடில் மறுபடி அடித்தோம். வருகிறவர் எதைத் தேடுவார் என்று யோசித்து, விளக்கின் அளவு, எப்படிப் பொதிந்து அனுப்புவோம், யாரைக் கூப்பிட வேண்டும் என்பவற்றை முதலில் வைத்தோம். போன் நம்பர் எல்லாப் பக்கத்திலும் இருந்தது. முழுவதையும் ஒரு சி.டி.யில் நகல் எடுத்து அக்காவின் பீரோவில் வைத்தோம். சென்டர்காரர் எங்களுக்குப் போட்டுத்தந்த பக்கத்தில் ‘இதுவரை வந்தவர்கள்’ என்று ஒரு எண்ணிக்கை ஓடவிட்டிருந்தார். திறந்த முதல் நாளே அது ஆயிரக்கணக்கில் தொடங்கியது எனக்கு நினைவிருந்தது. எங்கள் பக்கத்தில் அந்தப் பொய் வேண்டாம் என்றேன். நல்லெண்ணத்தில் அல்ல, அவர் செய்த எதையும் நான் செய்வதாக இல்லை.

புதிய வெப்சைட்டில் அக்காவின் புது விளக்குகளைப் போட்டோம். கொஞ்ச நாளில் அதே புதுப் படங்கள், எங்கள் பழைய பெயரில் சென்டர்காரர் மச்சானுக்காக நடத்திய பக்கத்திலும் வந்துவிட்டன. தோழிதான் முதலில் பார்த்தாள். நான் அவருடைய பக்கத்தின் சோர்ஸைத் திறந்தேன். வரிவரியாகப் படித்தேன்.

அந்த மனிதர் படங்களை நகலெடுத்துத் தன் இடத்தில் வைத்துக்கொள்ளக்கூட மெனக்கெடவில்லை. எங்கள் வெப்சைட்டில் படம் இருக்கும் விலாசத்தை அப்படியே தன் பக்கத்தில் ஒட்டிவிட்டிருந்தார். யார் அவர் பக்கத்தைத் திறந்தாலும் படம் எங்கள் இடத்திலிருந்து போய் அங்கே காட்டும்.

“அதாவது நம்ம வூட்டுக் கம்பியில கொக்கி போட்டு அவன் வூட்டுல லைட்டு எரியுது” என்றாள் தோழி.

“ஆமா.”

“அப்போ சுச்சு நம்ம கையில இருக்குது?”

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் இடத்திலிருக்கும் படத்தை நாங்கள் மாற்றினால் அவர் பக்கத்திலும் அது மாறிவிடும். எங்கள் பக்கத்துக்கு அதே படத்தை வேறு பெயரில் வைத்துக்கொண்டால் போதும்.

தோழி உடனே கழுதைப் படம் தேட ஆரம்பித்தாள். அவள் சிரிப்பு அடங்கட்டும் என்று காத்திருந்து சொன்னேன்: “கழுத வேணாம்டி. பாக்குறவங்க சிரிச்சிட்டுப் போயிடுவாங்க. அவரும் ஒரு மணி நேரத்துல மாத்திடுவாரு. அவரு யாருக்கு முன்னாடி மானம் போனா எழுந்திரிக்க முடியாதோ, அவங்க முன்னாடி நடக்கணும்.”

தோழி சிரிப்பதை நிறுத்திவிட்டு, “உன்ன எங்கூட்டு ஆளுங்ககிட்ட நல்லவள்னு சொல்லி வெச்சிருக்கேன்” என்றாள்.

அந்த நாள் வந்தது. பேட்டையில் ஷெட் வைத்திருப்பவர்களை எல்லாம் கூட்டி, ஒரு கல்யாண மண்டபத்தில் சென்டர்காரர் பேசப் போகிறார் என்று அக்காவுக்கும் அழைப்பு வந்தது. வெப்சைட் இருந்தால் உலகமே உங்கள் வாசலுக்கு வரும் என்று விளக்கி, எல்லோருக்கும் வெப்சைட் போட்டுத்தருவதாக ஏற்பாடு. மாதிரிக்குக் காட்டப்போவது மச்சானின் பக்கம். அக்கா போக மாட்டேன் என்றாள். “அவன் மூஞ்சியில முழிக்கணுமா?” என்றாள். நான் வற்புறுத்தி அழைத்துப் போனேன். திட்டத்தைச் சொல்லவில்லை. அவளுக்கு எதையும் முகத்தில் மறைக்கத் தெரியாது.

மாற்றுப்படத்தை முன்பே தயார் செய்திருந்தோம். அக்கா ஈரக் கூட்டில் ஓட்டை வெட்டும்போது அவள் கைகளை மட்டும் எடுத்த படம். கீழே பெரிய எழுத்தில் இரண்டு வரியும் அக்காவின் போன் நம்பரும். எழுத்து படத்துக்குள்ளேயே இருந்ததால் எந்தக் கம்ப்யூட்டரிலும் கட்டமாகத் தெரியாது. தோழி மங்கலம்பேட்டையில் உட்கார்ந்திருந்தாள். நான் மிஸ்டு கால் கொடுத்தால் அவள் படங்களை மாற்ற வேண்டும். முன்கூட்டியே மாற்றினால் அவர் கண்ணில் பட்டுவிடும்.

மண்டபத்தில் ஒரு கம்ப்யூட்டரையும் புரொஜெக்டரையும் வாடகைக்குக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். அவர் இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையில் வந்திருந்தார். வெகுநேரம் பேசினார். அமெரிக்காக்காரன் ராத்திரியில் எழுந்து விருத்தாசலத்துப் பொம்மையைப் பார்ப்பான் என்றார். “இப்ப நேர்லயே பாருங்க” என்று அவர் மவுஸைப் பிடித்தபோது என் போன் கைப்பைக்குள் இருந்தது. தோழியின் நம்பரை முன்பே எடுத்து வைத்திருந்தேன். அழுத்தினேன். ஒரு ரிங் போனதும் துண்டித்தேன்.

அவர் தொடக்கப் பக்கத்தில் நின்று ஷெட்டின் வரலாற்றை வாசித்தார். அதற்குள் தோழி வேலையை முடித்திருக்க வேண்டும். “இப்ப பொருளுங்களப் பாப்போம்” என்று அடுத்த பக்கத்தைத் திறந்தார்.

மண்டபத்து லைன் மெதுவானது. படம் மேலிருந்து கீழாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. முதலில் பலகையின் விளிம்பு வந்தது. பிறகு ஒரு கத்தி முனை. பிறகு விரல்கள். என் பக்கத்தில் அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். மணிக்கட்டும், சூளையில் சுட்டுக்கொண்ட தழும்பும் வந்தபோது என் தொடையைக் கிள்ளினாள்.

“ஏய், அது என் கைடி.”

சென்டர்காரர் இன்னும் கூட்டத்தைப் பார்த்தே பேசிக்கொண்டிருந்தார். “இப்டித்தான் தொழில்முறையாப் படம் எடுத்து...” என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது முதல் வரி இறங்கியது. முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் சத்தமாக எழுத்துக்கூட்டி வாசித்தார்.

“இந்த விளக்கைச் செய்த கை இதுதான்.”

பிறகு அடுத்த வரி. அதைப் பல பேர் சேர்ந்து வாசித்தார்கள்.

“நீங்கள் பார்க்கும் பக்கத்தின் சொந்தக்காரர் இதைத் திருடியிருக்கிறார்.”

அவர் திரும்பிப் பார்த்தார். ஒன்றன்கீழ் ஒன்றாக, விளக்கு இருந்த ஒவ்வோர் இடத்திலும் அக்காவின் கை இறங்கிக்கொண்டிருந்தது. அவசரமாகப் பக்கத்தைப் புதுப்பித்தார். மறுபடி மேலிருந்து பலகையும் கத்தியும் விரலும் இறங்க ஆரம்பித்தன. யாரோ சிரித்தார்கள். “வைரஸுங்க, வைரஸ் வந்துடுச்சு” என்றார் சென்டர்காரர்.

நான் எழுந்தேன்.

“வைரஸ் இல்லீங்க. அந்தப் படம் எங்க வெப்சைட்டுல இருக்குது. சார் அங்கேர்ந்து கொக்கி போட்டு இழுக்கறாரு. வியூ சோர்ஸைத் தெறந்து காட்டச் சொல்லுங்க, எங்க விலாசம் அதுலயே இருக்கும்.”

“இந்தப் பொண்ணுக்கு என்னா தெரியும்...” என்று ஆரம்பித்தார்.

“இதுக்கு முன்னாடி சார்கிட்ட வெப்சைட் போட்டவங்க யாராச்சும் இருக்கீங்களா?” என்று நான் கூட்டத்தைக் கேட்டேன். சில கைகள் உயர்ந்தன. “டொமைன் யார் பேர்ல இருக்குதுன்னு இப்பவே கேளுங்க. நாளைக்கு உங்க பேர்ல வேற ஒருத்தரக் குடிவெச்சா உங்களால ஒண்ணும் பண்ண முடியாது. எங்களுக்கு அதான் நடந்துச்சு.”

கை தூக்கியவர்களில் ஒருவர் எழுந்து, “யார் பேர்லங்க இருக்குது?” என்று கேட்டார். சென்டர்காரர் அது தொழில்நுட்ப விஷயம், தனியாகப் பேசலாம் என்றார். “தனியா என்னாத்துக்கு? இங்கியே சொல்லுங்க” என்றார் இன்னொருவர். அதற்குமேல் அவர் பேசியது எதுவும் எங்கள் காதில் விழவில்லை. எல்லோரும் எழுந்து மேடையைச் சுற்றிக்கொண்டார்கள். அந்தச் சத்தத்தை நான் நின்று, கடைசிவரை, நிதானமாகக் கேட்டேன்.

வெளியே ஆட்டோவில் ஏறியதும் அக்கா சொன்னாள்.

“முன்னாடியே சொல்லியிருந்தீன்னா நல்ல பொடவையாக் கட்டிட்டு வந்திருப்பேன்ல.”

ஒரு வாரத்துக்குள் சென்டர்காரர் ஷெட்டுக்கு வந்தார். அவருடைய பக்கத்திலிருந்து படங்களை எடுத்துவிட்டிருந்தார். வெப்சைட் போட்டவர்கள் எல்லோரும் டொமைனைத் தங்கள் பெயருக்கு மாற்றித்தரச் சொல்லி சென்டரில் வந்து நிற்கிறார்கள் என்றார். “நடந்தது நடந்துபோச்சும்மா. நீங்க வந்து அவங்ககிட்ட ஒரு வார்த்த சொன்னா...” என்றார். அக்கா களிக்குழம்பை வடிகட்டிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.

“மொதல்ல எங்க பழைய டொமைன எங்க பேருக்கு மாத்திக் குடுங்க” என்றேன்.

மாற்றிக் கொடுத்தார். என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, அதே சுழல் நாற்காலியில் உட்கார்ந்து, நான் சொல்லச் சொல்ல அடித்தார். எழுத்துப் பிழை இருந்தால் திருத்தச் சொன்னேன். முடிந்ததும், “இப்ப சொல்றீங்களாம்மா?” என்றார். “என்னாத்த சொல்றது சார்? நீங்க ரொம்ப நல்லவருன்னா?” என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன். அவருக்காக யாரிடமும் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அடுத்த வருடம் அந்தச் சென்டர் ஜெராக்ஸும் ரீசார்ஜும் மட்டும் செய்யும் கடையானது.

பெங்களூர் அம்மாவுக்கு நடந்ததை எல்லாம் எழுதினேன். பதில் வரவில்லை. போன் செய்தபோது, கேட்கவே வருத்தமாக இருக்கிறது, ஆனால் வேறு இடத்தில் வாங்கப் பழகிவிட்டேன் என்றார். அக்காவின் ஷெட் மறுபடி நிமிர, வேறு ஊர்களிலிருந்து சின்னச் சின்ன ஆர்டர்கள் சேர வேண்டியிருந்தது. அதற்குச் சில வருடங்கள் ஆயின. அந்தக் கணக்கை நான் இன்னும் சென்டர்காரர் பேரில்தான் வைத்திருக்கிறேன்.

பேட்டையிலிருந்து ஒவ்வொருவராக என்னிடம் வந்தார்கள். செய்து கொடுக்க மாட்டேன், பக்கத்தில் உட்கார்ந்து நீங்களே செய்யுங்கள் என்றேன். உங்கள் பொருளை நீங்களே படம் எடுங்கள், அடுத்தவர் படத்தைத் தொடாதீர்கள், நகல் ஒன்றைத் தனியாக வையுங்கள், போன் நம்பர் மாறினால் அன்றைக்கே மாற்றுங்கள் என்று ஒவ்வொன்றையும் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லிக்கொடுத்தேன். லாரி ஆபீஸ் வேலையை விட்டேன்.

ஒருநாள் அந்த மச்சானும் வந்தான். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றான். அக்காவின் விளக்கை நான் அதற்குப் பிறகு செய்யவில்லை, சொந்தமாக ஒரு மயில் தட்டு செய்திருக்கிறேன், அதற்கு ஒரு வெப்சைட் வேண்டும் என்றான்.

“உங்க மாமாகிட்ட போறது?”

“வேணாங்க” என்றான். “அவரு பேர்ல பதிஞ்சிடுவாரு.”

இதைவிடப் பெரிய பரிசை எனக்கு யாரும் தந்ததில்லை. அவனை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன். அவன் பெயரிலேயே டொமைனைப் பதிய வைத்தேன். பாஸ்வேர்டு அடிக்கும்போது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு, “இத யாருக்கும் சொல்லாதீங்க, வூட்டுல கேட்டாலும்” என்றேன். அவன் தலையாட்டினான். மயில் தட்டு நன்றாகத்தான் இருந்தது. வெளிச்சம் ஜன்னல் பக்கமிருந்து விழும்படி வைத்து, எப்படிப் படம் எடுப்பது என்று காட்டிக்கொடுத்தேன்.